வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அமைதியான குடும்பத் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே அமைந்துள்ள மிகப் பெரிய கேளிக்கைப் பூங்கா வளாகம் ஆகும். 1971 அக்டோபர் 1 அன்று இது திறக்கப்பட்டது. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு பெரிய பூங்காக்களும், இரண்டு நீர்ப் பூங்காக்களும், இருபதுக்கும் மேற்பட்ட தங்கும் விடுதிகளும் இவ்வளாகத்தில் உள்ளன. தீம் பார்க் எனப் பரவலாக அழைக்கப்படும் இத்தகைய பூங்காக்களுக்குக் குடும்பத்துடன் செல்வோர் நுழைவுச் சீட்டு, விமானப் பயணம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் செலவிடுவது தங்குமிடத்திற்குத்தான். கைக்குழந்தை உள்ள குடும்பம், முதியோரை அழைத்துச் செல்லும் குடும்பம், இரைச்சலைத் தாங்க இயலாத குழந்தை உள்ள குடும்பம் ஆகியோருக்கு அந்தத் தங்குமிடம் அமைதியாகவும் ஒதுக்குப்புறமாகவும் இருப்பது மிகவும் இன்றியமையாதது. இவ்வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அத்தகைய தங்குமிடங்கள் எவை, அவற்றின் நிறைகுறைகள் என்ன, முன்பதிவுக்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

கலிபோர்னியாவின் அனகைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த நிலத்தில் எழுந்த அந்தப் பூங்காவைச் சுற்றி, குறுகிய காலத்திலேயே பிறருடைய மோட்டல்களும் கடைகளும் விளம்பரப் பலகைகளும் நெருக்கமாக எழுந்தன. பூங்காவின் எல்லைக்கு வெளியே என்ன கட்டப்படுகிறது என்பதில் டிஸ்னி நிறுவனத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இருக்கவில்லை. இரண்டாவது வளாகத்திற்கு இடம் தேடியபோது வால்ட் டிஸ்னி இந்த அனுபவத்தை மனத்தில் கொண்டிருந்தார். எனவே 1960-களின் நடுவில் புளோரிடாவின் சதுப்பு நிலப் பகுதியில் பல்வேறு பெயர்களில் சத்தமின்றி நிலம் வாங்கப்பட்டது. 1965 நவம்பரில் திட்டம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் மறைந்தபின், அவருடைய அண்ணன் ராய் டிஸ்னி பணியைத் தொடர்ந்து நிறைவேற்றினார்.

இன்று இவ்வளாகத்தின் பரப்பு ஏறத்தாழ 25,000 ஏக்கர், அதாவது சுமார் 100 சதுர கிலோமீட்டர் ஆகும். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயற்கைப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கூட்டம் மிகுந்த பூங்காக்களுக்கு இடையே காடும் ஏரியும் ஓடையும் அப்படியே இருப்பதற்கு இதுவே காரணம். உலகின் பல கேளிக்கைப் பூங்காக்களில் ஒதுக்குப்புறமான தங்குமிடம் வேண்டுமெனில் பூங்காவை விட்டுத் தொலைவில் செல்ல வேண்டியிருக்கும். இங்கோ வளாகத்திற்கு உள்ளேயே மரங்கள் சூழ்ந்த குடில்களில் தங்க முடிகிறது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

அமைதியான அறையைத் தேடுபவர், முதலில் இரைச்சலின் மூலங்களை அறிந்திருக்க வேண்டும். அவை பெரும்பாலும் பின்வருவன:

வாண வேடிக்கை: மேஜிக் கிங்டம், எப்காட் ஆகிய பூங்காக்களில் பெரும்பாலான இரவுகளில் வாண வேடிக்கை நடைபெறுகிறது. வெடியோசை அருகிலுள்ள விடுதிகளின் அறைகளுக்குள் நன்றாகவே கேட்கும். மேஜிக் கிங்டத்தை ஒட்டிய கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் விடுதிகளும், எப்காட்டை ஒட்டிய போர்டுவாக், பீச் கிளப் விடுதிகளும் இதில் அடங்கும். வேடிக்கை பார்க்க விரும்புவோருக்கு இது வரம். இரவு 8 மணிக்கே உறங்கும் குழந்தைக்கு இது தொல்லை. விலங்குகள் இருப்பதால் அனிமல் கிங்டத்தில் வாண வேடிக்கை நடத்தப்படுவதில்லை.

நீச்சல் குளம்: ஒவ்வொரு விடுதியிலும் முதன்மை நீச்சல் குளம் ஒன்று உண்டு. அங்கு இசை, விளையாட்டுப் போட்டிகள், குழந்தைகளின் கூச்சல் ஆகியன பகல் முழுவதும் இருக்கும். குளத்தை நோக்கிய அறை படத்தில் அழகாகத் தோன்றும். நண்பகலில் அங்கு உறங்க இயலாது. பெரிய விடுதிகளில் முதன்மைக் குளத்தைத் தவிர, சிறிய குளங்களும் தொலைவில் உள்ளன. இவை பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

நடைவழி: குறைந்த கட்டண விடுதிகளிலும் நடுத்தரக் கட்டண விடுதிகளிலும் அறையின் கதவு பெரும்பாலும் திறந்தவெளி நடைவழியை நோக்கி அமைந்துள்ளது. பூங்காவில் இருந்து நள்ளிரவில் திரும்புவோரின் பேச்சும், குழந்தை வண்டிகளின் ஓசையும் நேராக அறைக்குள் வரும்.

இணைப்புக் கதவு: இரண்டு அறைகளை இணைக்கும் உட்கதவு உள்ள அறைகளில், பக்கத்து அறைத் தொலைக்காட்சியின் ஒலிகூடக் கேட்கலாம். சுவரைப்போல் அக்கதவு ஒலியைத் தடுப்பதில்லை.

பேருந்து நிறுத்தமும் உணவுக் கூடமும்: விடுதியின் மையக் கட்டடம், உணவுக் கூடம், பேருந்து நிறுத்தம் மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும். அதிகாலை முதல் நள்ளிரவு வரை அங்கு நடமாட்டம் ஓயாது.

குழுக்கள்: வளாகத்திற்குள் 1997-இல் திறக்கப்பட்ட விளையாட்டு அரங்கத் தொகுதியில் போட்டியிட வரும் மாணவர் அணிகள், கட்டணம் குறைந்த ஆல்-ஸ்டார் விடுதிகளில் பெருமளவில் தங்குகின்றன. ஜனவரியில் நடைபெறும் மாரத்தான் ஓட்ட நாட்களில் ஓட்டக்காரர்கள் விடியலுக்கு வெகுநேரம் முன்பே எழுந்து புறப்படுவர்; சில சாலைகளும் மூடப்படும்.

அமைதியான தங்குமிடங்கள்: வளாகத்திற்கு உள்ளே

ஃபோர்ட் வில்டர்னஸ்

வளாகத்தின் மிகப் பழைய தங்குமிடங்களுள் இது ஒன்று. 1971 நவம்பர் 19 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 750 ஏக்கர் பரப்பில், பைன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் நிறைந்த காட்டில் இது அமைந்துள்ளது. கூடாரம் அமைக்கவும் வீட்டு வண்டிகளை நிறுத்தவும் முகாமிடங்கள் உள்ளன. அவற்றுடன் தனித்தனிக் குடில்களும் உள்ளன. பழைய குடில்கள் அகற்றப்பட்டு, புதிய குடில்கள் 2024 ஜூலை 1 முதல் பயன்பாட்டுக்கு வந்தன. ஒவ்வொரு குடிலிலும் ஆறு பேர் வரை தங்கலாம். தனிப் படுக்கையறை, முழுமையான சமையலறை, வெளித்திண்ணை ஆகியன உண்டு. குளியலறை ஒன்றுதான்.

குடில்கள் தனித்து நிற்பதால் மேல்தளத்துக் காலடி ஓசை இல்லை. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பமும் இல்லை. இங்குள்ள உள்சாலைகள் வளையங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தங்குவோர் தம் இடத்திற்கு வருவதற்கும் வெளியேறுவதற்கும் மட்டுமே காரைப் பயன்படுத்தலாம். மற்ற நேரங்களில் உள்பேருந்து, மிதிவண்டி, வாடகைக்குக் கிடைக்கும் மின்வண்டி ஆகியவற்றையே நாட வேண்டும். மேஜிக் கிங்டத்திற்குப் படகு உண்டு. மற்ற பூங்காக்களுக்குப் பேருந்து.

குறைகளும் உள்ளன. குடிலில் இருந்து உள்பேருந்தில் ஏறி, மற்றொரு பேருந்துக்கோ படகுக்கோ மாற வேண்டும். முகாமிடங்களின் சில பகுதிகளில் நாய்களுடன் தங்க அனுமதி உண்டு; குரைப்பொலி கேட்கலாம். ஏரிக்கரையை ஒட்டிய பகுதியில், 1974 முதல் இரவு விருந்துக் கச்சேரி நடைபெறும் பயனியர் ஹால் இருப்பதால் அங்கு நடமாட்டம் அதிகம்.

ஓல்ட் கீ வெஸ்ட்

1991 டிசம்பரில் திறக்கப்பட்ட இவ்விடுதி, டிஸ்னியின் பகிர்வு உரிமைத் திட்டத்தின் முதல் விடுதியாகும். உறுப்பினர் அல்லாதவரும் பணம் செலுத்தித் தங்கலாம். இரண்டு மூன்று தளங்கள் மட்டுமே கொண்ட கட்டடங்கள் கோல்ஃப் மைதானத்தையும் நீரோடைகளையும் ஒட்டிப் பரவலாக அமைந்துள்ளன. அறைகள் மற்ற விடுதிகளை விட விசாலமானவை. ஒற்றை அறை முதல் பன்னிரண்டு பேர் தங்கும் மூன்று படுக்கையறை வீடு வரை பல அளவுகளில் உள்ளன. கோல்ஃப் மைதானத்தை நோக்கிய அறைகளில் மாலைக்குப் பிறகு மிகுந்த அமைதி நிலவும்.

பெரும்பாலான கட்டடங்களில் மின்தூக்கி இல்லை என்பது இங்குள்ள முக்கியக் குறை. மூட்டுவலி உள்ள முதியோர் உடன் வருவதாயின், தரைத்தள அறையையோ மின்தூக்கி உள்ள கட்டடத்தையோ முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.

சாரட்டோகா ஸ்பிரிங்ஸின் மரவீடுகள்

சாரட்டோகா ஸ்பிரிங்ஸ் 2004-இல் திறக்கப்பட்ட பெரிய விடுதியாகும். அதன் ஒரு பகுதியாக, ஆற்றோரக் காட்டில் தூண்கள் மீது எழுப்பப்பட்ட 60 மரவீடுகள் உள்ளன. 1975-இல் முதன்முதலில் கட்டப்பட்ட மரவீடுகள் இருந்த இடத்தில், இவை 2009-இல் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் மூன்று படுக்கையறைகள், இரண்டு குளியலறைகள், சமையலறை ஆகியன உண்டு. ஒன்பது பேர் வரை தங்கலாம். தாத்தா, பாட்டி, பெற்றோர், பேரக்குழந்தைகள் என மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் தங்க ஏற்ற இடம் இது. பேருந்தையே நம்பியிருக்க வேண்டும் என்பதும், மையக் கட்டடம் தொலைவில் உள்ளது என்பதும் குறைகள். வாடகைக் கார் இருந்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

வில்டர்னஸ் லாட்ஜ்

1994-இல் திறக்கப்பட்ட இவ்விடுதி, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள தேசியப் பூங்காக்களின் பழைய மர விடுதிகளை முன்மாதிரியாகக் கொண்டது. பே லேக் என்னும் ஏரியின் கரையில் மரங்களுக்கு நடுவே உள்ளது. மேஜிக் கிங்டத்திற்குப் படகில் செல்லலாம். எனவே பூங்காவுக்கு அருகிலும் இருக்க வேண்டும், காட்டின் அமைதியும் வேண்டும் என்போர் இதனை நாடுகின்றனர். 2017-இல் ஏரிக்கரையில் 26 தனிக் குடில்கள் திறக்கப்பட்டன. இவற்றின் கட்டணம் மிக அதிகம். மையக் கட்டடத்தின் உயரமான முகப்புக் கூடத்தை ஒட்டிய அறைகளில் கூடத்தின் ஒலி எட்டும். காட்டை நோக்கிய அறைகளே உறக்கத்திற்கு ஏற்றவை.

அனிமல் கிங்டம் லாட்ஜ்

2001-இல் திறக்கப்பட்ட இவ்விடுதியைச் சுற்றிப் புல்வெளிகள் அமைக்கப்பட்டு, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை முதலிய விலங்குகள் உலவ விடப்பட்டுள்ளன. புல்வெளியை நோக்கிய அறையின் மாடத்தில் இருந்தே அவற்றைக் காணலாம். விலங்குகளின் நலன் கருதி, அப்பக்கத்தில் இரைச்சலுக்கு இடமில்லை. 2009-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கிடானி வில்லேஜ் என்னும் பகுதி, மையக் கட்டடத்தை விட மேலும் அமைதியானது. மற்ற மூன்று பூங்காக்களில் இருந்து இது தொலைவில் உள்ளது. மோனோரயிலோ படகோ இல்லை, பேருந்து மட்டுமே. பூங்காவுக்குச் செல்லாத ஓய்வு நாள் ஒன்றையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளும் குடும்பத்திற்கு இது மிகவும் பொருந்தும்.

போர்ட் ஓர்லியன்ஸ் ரிவர்சைட்

மேற்கண்டவை பெரும்பாலும் உயர் கட்டணத்தவை. நடுத்தரக் கட்டணத்தில் அமைதி தேடுவோர்க்கு, 1992-இல் வேறொரு பெயரில் திறக்கப்பட்ட இவ்விடுதி பயன்படும். இதன் அலிகேட்டர் பயூ என்னும் பகுதியில், சிறிய இரண்டு தளக் கட்டடங்கள் மரங்களுக்கு இடையே தள்ளித் தள்ளி அமைந்துள்ளன.

கட்டணத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கு உண்டு. குறைந்த, நடுத்தரக் கட்டண விடுதிகளில் மையக் கட்டடத்திற்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் அருகிலுள்ள அறைகள் விருப்ப அறைகள் எனப் பெயரிடப்பட்டு, கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. தொலைவில் உள்ள சாதாரண அறைகளின் விலை குறைவு. நடை அருகாக இருப்பதற்கே அங்குக் கூடுதல் பணம் பெறப்படுகிறது. அமைதியை நாடும் குடும்பம் இந்தக் கூடுதல் தொகையைச் செலவிட வேண்டியதில்லை. விலை குறைந்த அறையே அவர்களுக்கு ஏற்ற அறையாக அமைகிறது.

வளாகத்திற்கு வெளியே

பானட் கிரீக் என்பது மூன்று பக்கமும் டிஸ்னியின் நிலம் சூழ்ந்த, ஆனால் டிஸ்னிக்குச் சொந்தமில்லாத பகுதி ஆகும். விண்டம், ஹில்டன், வால்டார்ஃப் அஸ்டோரியா ஆகிய நிறுவனங்களின் விடுதிகள் அங்கு உள்ளன. இதற்குள் கடந்து செல்லும் பொதுப் போக்குவரத்துச் சாலை இல்லாததால் வாகன இரைச்சல் குறைவு.

கிஸிமி, டேவன்போர்ட் பகுதிகளில் ஆயிரக்கணக்கான விடுமுறை வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பல படுக்கையறைகள், சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், பெரும்பாலும் தனி நீச்சல் குளம் ஆகியன இவற்றில் உண்டு. சைவ உணவு மட்டும் உண்போர், குழந்தைக்குத் தனியாகச் சமைக்க வேண்டியோர், பத்துப் பேருக்கு மேற்பட்ட கூட்டுக் குடும்பத்தினர் ஆகியோருக்கு விடுதி அறைகளை விட இவை சிக்கனமானவை. புளோரிடாவில் இத்தகைய வீடுகளுக்கு மாநிலத்தின் தொழில் ஒழுங்குமுறைத் துறை உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்ற வீடுதானா என்று கேட்டறிவது நன்று.

வீடு தனியாக இருப்பதாலேயே அமைதியாக இருக்கும் என்று கொள்ள இயலாது. சில குடியிருப்புகளில் வீடுகள் சில அடி இடைவெளியில் நெருக்கமாகக் கட்டப்பட்டுள்ளன. பக்கத்து வீட்டுக் குளத்தின் பின்னிரவுக் கூத்து படுக்கையறை வரை கேட்கும். பின்புறம் மற்றொரு வீடு இல்லாமல் நீர்நிலையையோ காட்டையோ நோக்கிய வீடு எது என்பதை வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியில் எளிதில் காணலாம். நெடுஞ்சாலை எண் 192, இன்டர்நேஷனல் டிரைவ், மாநிலங்களுக்கு இடையிலான நான்காம் எண் நெடுஞ்சாலை ஆகியவற்றை ஒட்டிய இடங்களில் வாகன ஓசை இரவிலும் ஓய்வதில்லை.

ஒதுக்குப்புறத்திற்குக் கொடுக்கும் விலை: நேரம்

ஒதுக்குப்புறமான தங்குமிடத்தின் உண்மையான விலையில் பயண நேரமும் அடங்கும். இதனைக் கணக்கிட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பது பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் காலையில் பூங்காவுக்குச் சென்று, நண்பகலில் ஓய்வுக்குத் திரும்பி, மாலையில் மீண்டும் சென்று, இரவில் திரும்புகிறது எனக் கொள்வோம். இதில் நான்கு பயணங்கள் உள்ளன. அறைக் கதவில் இருந்து பூங்கா வாயில் வரை, காத்திருக்கும் நேரமும் சேர்த்து, ஒரு பயணத்துக்கு 45 நிமிடம் ஆனால் நாளொன்றுக்கு 3 மணி நேரம் போக்குவரத்திலேயே கழியும். அதே பயணம் 20 நிமிடத்தில் முடியுமானால், மொத்தம் 1 மணி 20 நிமிடம்தான் ஆகும். வித்தியாசம் 1 மணி 40 நிமிடம். நான்கு நாட்களுக்கு இது 6 மணி 40 நிமிடம் ஆகிவிடுகிறது.

எனவே நண்பகல் உறக்கம் கட்டாயம் தேவைப்படும் சிறு குழந்தை உள்ள குடும்பத்திற்கு ஒரு முரண்பாடு எழுகிறது. அமைதியான அறை தொலைவில் இருந்தால், நண்பகலில் அங்குத் திரும்புவதே கைவிடப்படும். குழந்தையின் உறக்கம் குழந்தை வண்டியிலேயே முடியும். அவ்வாறாயின் அந்த அமைதிக்குப் பயனில்லை. இத்தகைய குடும்பங்கள் பின்வரும் வழிகளில் ஒன்றைப் பின்பற்றலாம்:

1. பூங்காவுக்கு அருகிலுள்ள விடுதியில், ஆனால் குளத்தையும் வாண வேடிக்கையையும் நோக்காத அறையை எடுத்தல்.

2. தொலைவான அமைதியான இடத்தில் தங்கி, பூங்காவுக்குச் செல்லும் நாட்களில் நண்பகலோடு திரும்பிவிடுதல்.

3. ஒரு நாள் பூங்கா, ஒரு நாள் ஓய்வு என மாற்றி மாற்றித் திட்டமிடுதல்.

வாடகைக் கார் பயண நேரத்தைக் குறைக்கும். டிஸ்னி விடுதிகளில் தங்குவோருக்குப் பூங்காக்களில் வாகன நிறுத்தக் கட்டணம் இல்லை. வெளியில் தங்குவோர் நாள்தோறும் அக்கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருக்கும். டிஸ்னி விடுதியில் தங்குவோர் ஒவ்வொரு நாளும் பொது நேரத்திற்கு 30 நிமிடம் முன்பே பூங்காவினுள் நுழையலாம். காலையில் கூட்டம் சேருமுன் பார்த்துவிட்டு நண்பகலில் திரும்ப இச்சலுகை உதவும். ஒர்லாண்டோ விமான நிலையத்தில் இருந்து டிஸ்னி விடுதிகளுக்கு இலவசமாக இயக்கப்பட்ட பேருந்து 2022 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே விமான நிலையப் போக்குவரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும்.

பாதுகாப்பு

ஒதுக்குப்புறமான இடத்தில் ஆட்கள் குறைவு. ஆபத்தை முதலில் கண்டு குரல் கொடுப்போரும் குறைவு. புளோரிடாவில் இதனைக் குறிப்பாகக் கருத வேண்டியது நீர்நிலைகளின் அருகில்தான்.

புளோரிடாவின் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் ஆகிய எந்த நன்னீர் நிலையிலும் அலிகேட்டர் வகை முதலை இருக்கக்கூடும். 2016 ஜூனில், மேஜிக் கிங்டத்திற்கு எதிரே உள்ள செவன் சீஸ் லகூன் ஏரியின் கரையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துச் சென்றது, குழந்தை உயிரிழந்தது. அதன்பின் வளாகத்தின் நீர்க்கரைகளில் கற்சுவர்களும் தடுப்பு வேலிகளும் எச்சரிக்கைப் பலகைகளும் அமைக்கப்பட்டன. வளாக ஏரிகளில் நீந்த அனுமதி இல்லை. தடுப்பு இல்லாத ஓடைக்கரையிலும் குழந்தைகளை நீர் விளிம்புக்கு விடலாகாது; மாலை மயங்கியது முதல் விடியும் வரை நீர் விளிம்பை முற்றிலும் தவிர்க்க வேண்டும். முதலைக்கு உணவிடுவது அம்மாநிலச் சட்டப்படி குற்றமாகும். உணவுக்குப் பழகிய முதலை மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதே காரணம்.

முதலையை விடவும் பரவலான ஆபத்து தனி நீச்சல் குளம் ஆகும். அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக்கு முதன்மைக் காரணம் நீரில் மூழ்குதல். விடுமுறை வீட்டின் வரவேற்பறைக் கதவைத் திறந்தால் நேராகக் குளம் என்னும் அமைப்பு புளோரிடாவில் மிகச் சாதாரணம். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு கட்டப்பட்ட வீட்டுக் குளங்களுக்கு வேலி, பாதுகாப்பு மூடி, கதவு ஒலிப்பான் முதலியவற்றுள் ஏதேனும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் கூறுகிறது. பழைய வீடுகளில் இவை இல்லாமலும் இருக்கலாம். எனவே சிறு குழந்தையுடன் செல்வோர், குளத்தைச் சுற்றிக் குழந்தை தாண்ட முடியாத வேலி உண்டா, கதவு திறந்தால் ஒலிக்கும் கருவி வேலை செய்கிறதா என்னும் இரண்டையும் முன்பதிவுக்கு முன் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அவற்றைச் சோதிக்க வேண்டும்.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. கோடைப் பிற்பகல்களில் இடியுடன் கூடிய மழை வழக்கமானது. கூடாரத்தில் தங்குவோர், கடும் மழையின்போது ஒதுங்க வேண்டிய கட்டடம் எது என்பதை முதல் நாளே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. அறைக்கு இணைப்புக் கதவு உண்டா? இல்லாத அறை கிடைக்குமா?

2. அறை எதனை நோக்கியுள்ளது: குளமா, வாகன நிறுத்துமிடமா, காடா?

3. மேல்தள அறையா, தரைத்தள அறையா? மேல்தளத்தில் தலைக்கு மேல் காலடி ஓசை இருக்காது. தரைத்தளத்தில் படி ஏற வேண்டியதில்லை.

4. கட்டடத்தில் மின்தூக்கி உண்டா?

5. பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு? எத்தனை விடுதிகளுக்கு ஒரே பேருந்து?

6. தங்கும் நாட்களில் விளையாட்டுப் போட்டி, ஓட்டப் பந்தயம், மாநாடு ஏதேனும் உண்டா?

7. கட்டுமான வேலையோ புதுப்பிக்கும் வேலையோ நடைபெறுகிறதா?

8. மொத்தக் கட்டணம் எவ்வளவு?

கடைசிக் கேள்வி முக்கியமானது. வளாகத்திற்கு வெளியே உள்ள பல விடுதிகள், அறை வாடகைக்கு மேல் விடுதிக் கட்டணம் என்ற பெயரில் நாள்தோறும் ஒரு தொகை பெறுகின்றன. விடுமுறை வீடுகளில் துப்புரவுக் கட்டணம் தனி. 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க மைய அரசின் விதிப்படி, கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்தே தங்குமிட விலையை விளம்பரத்தில் காட்ட வேண்டும். வரி இதில் அடங்காது. டிஸ்னி விடுதிகளில் பெரும்பாலானவை அமைந்துள்ள ஆரஞ்சு மாவட்டத்தில் விற்பனை வரியும் சுற்றுலா வரியும் சேர்ந்து 12.5 விழுக்காடு ஆகிறது. அதாவது 300 டாலர் என்று காட்டப்படும் அறைக்கு ஓர் இரவுக்கு 337.50 டாலர் செலுத்த வேண்டும்.

அறையின் இருப்பிடம் பற்றிய வேண்டுகோளை டிஸ்னி விடுதிகளில் இணையவழிப் பதிவின்போது தெரிவிக்கலாம். இது வேண்டுகோள் மட்டுமே, உறுதி அல்ல. ஆனால் காட்டை நோக்கிய அறை, புல்வெளியை நோக்கிய அறை என விலைப் பட்டியலிலேயே தனி வகையாக இருந்தால், அவ்வகையை முன்பதிவு செய்தவருக்கு அது கிடைப்பது உறுதி. வேண்டுகோள் வைக்கும்போது "அமைதியான அறை வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதை விட, "குளத்திலிருந்தும் மின்தூக்கியிலிருந்தும் தள்ளி, மேல்தளத்தில்" என்று குறிப்பாக எழுதுவது பயன் தரும். உடல்நலக் காரணம் இருப்பின் அதனையும் குறிப்பிட வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும்?

கைக்குழந்தை உள்ள குடும்பம்: வில்டர்னஸ் லாட்ஜில் காட்டை நோக்கிய அறை. படகுப் பயணம் குறுகியது. நண்பகலில் திரும்புவது எளிது.

இரைச்சலைத் தாங்க இயலாத குழந்தை உள்ள குடும்பம்: ஃபோர்ட் வில்டர்னஸ் குடில் அல்லது கிடானி வில்லேஜ். வாண வேடிக்கையில் இருந்து விலகியிருக்க வேண்டுமெனில் பின்னது மேலானது.

முதியோர் உடன் வரும் குடும்பம்: மின்தூக்கி உள்ள கட்டடத்தில், மையக் கட்டடத்திற்கு மிகத் தொலைவில் இல்லாத அறை. ஓல்ட் கீ வெஸ்டைத் தேர்ந்தெடுத்தால் தரைத்தளம்.

மூன்று தலைமுறைக் குடும்பம்: மரவீடு, அல்லது வளாகத்திற்கு வெளியே வேலியிட்ட குளம் உள்ள விடுமுறை வீடு, இரண்டிற்கும் கார் தேவை.

செலவைக் குறைக்க விரும்பும் குடும்பம்: போர்ட் ஓர்லியன்ஸ் ரிவர்சைடின் தொலைவான கட்டடங்களில் சாதாரண அறை. கூடாரத்தில் தங்கிப் பழகியோருக்கு ஃபோர்ட் வில்டர்னஸின் முகாமிடம் இதை விடவும் குறைந்த செலவில் முடியும்.

பூங்காவில் ஒரு நாளைக்குப் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியுள்ளது; வெயிலும் வரிசையும் கூட்டமும் பெரியவர்களையே சோர்வடையச் செய்கின்றன. இரவில் நன்கு உறங்கிய குழந்தை மறுநாள் காலையில் மகிழ்ச்சியோடு வரிசையில் நிற்கும். உறங்காத குழந்தைக்கு எந்தச் சவாரியும் சுவைக்காது. ஆகவே சுற்றுலாத் திட்டத்தில் எந்தப் பூங்கா, எந்தச் சவாரி என்று முடிவெடுப்பதற்கு முன்பாகவே, குடும்பத்தில் மிக எளிதில் களைப்படைபவர் யார், அவருக்கு எத்தகைய உறக்கம் தேவை என்பதை முடிவு செய்துகொண்டு, அதற்கேற்பத் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது சிறந்த முறையாகும்.